பெரகலையில் நிற்காத கார்

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டவ நீ. நாளைக்குக் குடையுதுன்னு என்கிட்ட வந்து அழக் கூடாது, ஆமா" என்று சொல்லிக்கொண்டே சூசையம்மா மகளின் நெற்றியில் சிலுவை வரைந்தாள்.

திட்டும் ஆசியும் அவளிடம் எப்போதும் ஒன்றாகத்தான் வரும். நிஷாலினி சிரித்தாள். வேலை சரியாக முடிந்தது என்று கைக்குத் தெரிந்துவிட்டால் மனசு எதற்கு அடித்துக்கொள்ள வேண்டும்?

ஓணான் என்று அம்மா சொன்னது, பதுளையில் நிஷாலினியின் ஏசி கராஜுக்கு முன்னால் பளபளவென்று நின்ற கரும்பச்சைப் பென்ஸ் காரை. எழுபதுகளின் தொடக்கத்தில் கப்பலில் வந்து இறங்கிய கார். ஹப்புத்தளைக்கு மேலே சொந்தத் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த நஸீர் ஹாஜியாருடையது. அந்த நாளில் மலைநாட்டில் ஏசியோடு ஒரு கார் என்றால் பார்க்கவே சனம் கூடும். அதை ஓட்டியவர் நிஷாலினியின் அப்பா மாணிக்கராஜ்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஏசி நின்றுபோனது. கராஜில் யாரோ பார்த்துவிட்டு, இது காரோடு வந்த கம்பிரசரே இல்லை, டிரைவர் ஒரிஜினலைக் கழற்றி விற்றுவிட்டு வேறு ஒன்றை மாட்டியிருக்கிறான் என்று சொன்னானாம். அந்த யாரோ யார் என்று இந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் பெரட்டில், காலை வேலைக்காக மொத்தத் தோட்டமும் கூடி நின்ற இடத்தில், ஹாஜியார் மாணிக்கராஜைத் திருடன் என்றார். தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையைக் காலி செய்துகொண்டு குடும்பம் பதுளைக்கு இறங்கியது.

பழி மட்டும் பின்னாலேயே இறங்கி வந்துவிட்டது. "ஏசி மாணிக்கம்" என்றால்தான் இன்றைக்கும் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போதுகூட யாராவது கூப்பிட்டுத் தொலைப்பார்கள். அவரும் தலையைத் திருப்பித் தொலைப்பார்.

ஆகவே ஹாஜியாரின் மகள் முஷ்ரிபா டீச்சர், "இந்தக் காரோட ஒரிஜினல் ஏசிய மீட்டுத் தர ஏலுமா?" என்று வந்து கேட்டபோது, நிஷாலினி வீட்டில் யாரையும் கேட்காமல் தலையாட்டினாள். விஷயம் தெரிந்ததும் மாணிக்கராஜ் கராஜ் பக்கமே வருவதை நிறுத்திவிட்டார். சூசையம்மாவின் தம்பி றொபின்சன்தான் அடிக்கடி வந்தார். குடும்பம் நடுத்தெருவில் நின்றபோது இடம் கொடுத்தவர் அவர். நிஷாலினியை ஏசி படிக்க வைத்தவரும் அவர்தான். இந்தக் கராஜ் இருக்கும் இடம்கூட அவருடையது.

"பழசைத் தூக்கி எறிஞ்சிட்டு ஜப்பான் வேன் கம்பிரசர் ஒண்ண மாட்டிவிடு புள்ள. எவனுக்குத் தெரியப் போகுது?" என்று அவர் வந்தபோதெல்லாம் சொன்னார்.

"எனக்குத் தெரியுமே மாமா" என்று அவளும் அப்போதெல்லாம் சொன்னாள்.

அந்தப் பழைய கம்பிரசரையே பிரித்தாள். உள்ளே வால்வுத் தகடு உடைந்து கிடந்தது. அழுத்தம் தாங்க மாட்டாமல் உடைந்த உடைப்பு. நல்ல கார், நல்ல டிரைவர், குளிர்ந்த ஊர். அழுத்தம் எப்படி ஏறியது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. தகட்டை மாற்றி, குழாய்களைப் புதுப்பித்து, இப்போது கிடைக்கும் கேஸை நிரப்பினாள். காவலுக்கென்று ஒன்றை மட்டும் கூடுதலாக, கண்ணில் படாத இடத்தில் வைத்தாள். அழுத்தம் எல்லை மீறினால் கம்பிரசரைத் தானாக நிறுத்திவிடும் சின்ன சுவிட்ச். அந்தக் காலத்து ஏசியில் அது கிடையாது.

இன்று காரை ஹாஜியாரிடம் ஒப்படைக்க வேண்டும். நேற்று மாலைதான் மாணிக்கராஜ் கராஜ் வாசலில் வந்து நின்று, "நானும் வர்றேன்" என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாமாவை வரச் சொல்லியிருக்கேன். கோழி எடுக்கப் போறேன். நல்ல சேதியோட வாங்க" என்றாள் சூசையம்மா.

நிஷாலினி ஸ்பேனர் சாவிப் பெட்டியை டிக்கியில் வைத்தாள். அதன் மேல் ஒரு பழைய சாக்குத் துண்டையும் சுருட்டிப் போட்டாள். கார் வந்த அன்று ஸ்பெயார் சக்கரத்துக்கு அடியில் கிடந்தது அது. ஓரத்தில் சிவப்புத் துணி வைத்துத் தைத்த கனத்த சாக்கு. முழங்காலுக்குப் போட்டு வேலை செய்ய வசதியாக இருந்ததால் வைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்த மாணிக்கராஜ் ஒரு கணம் நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

*

ஹப்புத்தளையில் மூடுபனி கையால் ஒதுக்கிவிட்டுப் போகும்படி அடர்ந்திருந்தது. பங்களா வாசலில் ஹாஜியார் தடியோடு நின்றார். வயது உடம்பைத்தான் சுருக்கியிருந்தது, குரலை அல்ல.

"பின்னால நிக்கிறது மாணிக்கமா?"

"ஆமாங்க மொதலாளி."

"ம்" என்றார் ஹாஜியார். அத்தனை வருடத்துக்கும் சேர்த்து அந்த ஒரு "ம்" தான். நிஷாலினிக்குச் சுருக்கென்றது. வந்த கோபத்தைப் பொனட்டைத் திறப்பதில் காட்டினாள்.

"ஹாஜியார், கொஞ்சம் கிட்ட வாங்க. ஏசிக் குழாய் காருக்குள்ள போற ஓட்டை இது. விளிம்பை விரலால தடவிப் பாருங்க."

தடவினார்.

"வழுவழுன்னு பெயின்ட் இருக்குல்ல? கார் பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே போட்ட ஓட்டை. இங்க வச்சு எவனாவது துளைச்சிருந்தா இரும்பு தெரிஞ்சிருக்கும், துரு ஏறியிருக்கும். இந்தப் புல்லியைப் பாருங்க, ஏசி பெல்ட்டுக்குன்னே தனிப் பள்ளம். கம்பிரசரைத் தாங்குற இரும்புல பென்ஸ் முத்திரை. வேற எந்தக் கம்பிரசரை வச்சாலும் இதுல உக்காராது."

"அது சரி. கம்பிரசர்ல அமெரிக்காக்காரன் பேரு இருக்கே? பென்ஸ் ஜெர்மன்காரன்டது."

அவள் காத்திருந்த கேள்வி அதுதான்.

"காரைச் செஞ்சவன் கம்பிரசரை அவன்கிட்ட வாங்கிப் போட்டான். உங்க தோட்டத்துத் தேயிலை, பெட்டி நீங்களா செஞ்சீங்க? பெட்டியில வேற பேர் இருந்துச்சின்னா தேயிலை களவுன்னு ஆயிடுமா?"

முஷ்ரிபா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஹாஜியார் சிரிக்கவில்லை.

"வாய் நல்லா இருக்கு மகள். ஆனா நான் ஓட்டையை நம்புறவன் இல்ல, என்ட விரலை நம்புறவன். அந்தக் காலத்துல வெல்லவாய வெயில்ல இந்த ஏசிக்கு முன்னால கை வச்சா விரல் வெறைக்கும். இங்க குளிர்ல எது வேணும்னாலும் குளிரும். கீழ வெயிலுக்குக் கொண்டு போ. அதே மாதிரி வெறைச்சா, அது அதே சாமான்தான்னு ஒத்துக்கிறேன்."

"வெறைக்கும்" என்றாள் நிஷாலினி.

புறப்படும் முன் தேநீர் வந்தது. மாணிக்கராஜ் மட்டும் உள்ளே வரவில்லை. "நான் எஞ்சினைச் சூடு பண்றேன், நீ போ" என்றார். சன்னல் வழியாகப் பார்த்தபோது, அவர் ஓடும் எஞ்சினுக்கு முன்னால் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டிருப்பது பனிக்குள் மங்கலாகத் தெரிந்தது. பழைய டிரைவர், பழைய கார். ஆசை தீரத் தொட்டுக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

*

நிஷாலினி ஓட்டினாள். பக்கத்தில் ஹாஜியார். பின்னால் முஷ்ரிபா டீச்சரும் மாணிக்கராஜும். நாலு பேர் மூச்சில் கண்ணாடி பூத்துப் போனது. ஏசியைப் போட்டதும் மளமளவென்று தெளிந்தது.

"அப்பவும் இப்படித்தான். பனின்னா ஏசியைப் போடுன்னு சொல்லுவேன்" என்றார் ஹாஜியார். குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

பெரகலைச் சந்தி வந்தது. கடைகளும் பஸ்ஸுக்கு நின்ற தோட்டத்துச் சனமும் தெரிந்தன. பின்னாலிருந்து மாணிக்கராஜ் மெதுவாக, "புள்ள, இதுல ஒரு நிமிஷம் நிறுத்தேன்" என்றார்.

"பாத்தியா!" ஹாஜியார் தடியை ஓங்கித் தட்டினார். "பெரகல வந்தா இவனுக்கு நிக்கணும். அந்தக் காலத்துலயும் அதே. இறங்குவான், காருக்கு முன்னால போய்க் குனிவான், எதையோ சுருட்டிக் கொண்டுபோய் டிக்கியில போடுவான். என்னடான்னா ஒண்ணுமில்ல மொதலாளிம்பான். சாமானைக் கழட்டி இங்கதான் எவனுக்கோ வித்திருக்கான்னு பிறகுதானே எனக்கு விளங்கிச்சு."

"வாப்பா!" என்றார் முஷ்ரிபா டீச்சர்.

கண்ணாடியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள் நிஷாலினி. வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஹாஜியார் மேல் பாதிக் கோபம். இந்த இடத்தில் போய் நிறுத்தச் சொன்ன அப்பா மேல் மீதி. பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கம் கொஸ்லந்தை ரோட்டில் காரைத் திருப்பினாள். நிற்கவில்லை.

வளைவுக்கு வளைவு பனி விலகி வெயில் ஏறியது. கொஸ்லந்தையைத் தாண்டும்போது ஹாஜியார் ஏசிக்கு முன்னால் விரலை நீட்டினார். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"வெறைக்கலியே மகள்."

வெறைக்கவில்லைதான். காற்று வெதுவெதுப்பாக வந்தது. எஞ்சின் வெப்பம் காட்டும் முள்ளும் மேலே நகர்ந்திருந்தது. ஒரு மர நிழலில் காரை ஓரம் கட்டினாள். பின்சீட்டில் மாணிக்கராஜ் தலையைக் கையில் தாங்கிக்கொண்டார்.

நிஷாலினி பொனட்டைத் திறந்தாள். பெல்ட் சரி. குழாய் சரி. கேஸ் ஒழுகவில்லை. அவள் வைத்த காவல் சுவிட்ச்தான் கம்பிரசரை நிறுத்தியிருந்தது. ஆக ஒன்றும் உடையவில்லை. அழுத்தம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். ஏன் ஏறும்? முன்னால் இருந்து சூட்டை வெளியே விடும் கண்டென்சருக்குக் காற்றுப் போகாவிட்டால் ஏறும்.

காரின் முன்பக்கம் போய்க் குனிந்தாள். பளபளக்கும் கம்பிகளுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு துணி ஓரம் தெரிந்தது. விரலை விட்டு இழுத்தாள். முழங்காலுக்குப் போடும் அந்தச் சாக்கு, சூடேறிப் போய், அவள் கையோடு வந்தது.

"உங்கம்மா படங்கும்மா அது" என்றார் பின்னால் வந்து நின்ற மாணிக்கராஜ். "கொழுந்தெடுக்கிறப்ப இடுப்புல கட்டுறது. கிழிஞ்சதும் பாதியை எனக்கு வெட்டிக் குடுத்தா. விடியக்காலைக் குளிர்ல எஞ்சின் சூடேறாது. முன்னால இதைச் செருகிட்டா சீக்கிரம் ஏறிரும். லொறிக்காரன் எல்லாம் அப்படித்தான். பெரகலையில வெயில் வந்ததும் எடுத்திருவேன். இன்னைக்கும் கை தன்னால செருகிருச்சு. எடுக்கத்தான் நிறுத்தச் சொன்னேன். அவர் அப்படிச் சொன்னதும் வாய் அடைச்சுப் போச்சு."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"இதை ஏன்பா அப்பவே அவர்கிட்ட சொல்லல?"

"பென்ஸ் கார்ல சாக்குத் துணியான்னு ஒருக்கா ஏசினாரு. அதுக்குப் பிறகு அவருக்குத் தெரியாமத்தான் செருகுவேன். அவர் திருடன்னு சொன்னது கம்பிரசரை. அதுக்கும் இந்தச் சாக்குக்கும் என்ன இருக்குன்னு நான் நெனைப்பேன்?"

நிஷாலினி படங்கையே பார்த்தாள். உடைந்த வால்வுத் தகடு அவள் கண்முன் வந்தது. முன்னால் சாக்கு, உள்ளே பனிக்காக ஓடும் ஏசி, நிறுத்த ஒரு சுவிட்ச் கிடையாது. ஹப்புத்தளையிலிருந்து பெரகல வரை, குளிர்ந்த காலையிலெல்லாம். எத்தனை நாள்தான் தாங்கும் அந்தத் தகடு? பிடிபடாதது பிடிபட்டது, பிடிபட்டதும் நெஞ்சு கனத்தது.

ஹாஜியார் இன்னும் காருக்குள்தான் இருந்தார். இந்தச் சாக்கைப் பள்ளத்தில் வீசிவிட்டு, ஒரு வயர் கழன்றிருந்தது என்று சொன்னால் போதும். ஏசி குளிரும். கம்பிரசர் அதே கம்பிரசர். அப்பாவின் பேர் முழுசாக வெளுத்துவிடும். யாருக்குத் தெரியப் போகிறது?

எனக்குத் தெரியுமே என்று மாமாவிடம் சொன்ன வாய் அவளுடையது.

கார்க் கதவு திறந்தது. தடியை ஊன்றிக்கொண்டு ஹாஜியார் வந்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் அந்தச் சிவப்பு ஓரத்தில் அவர் கண் நிலைகுத்தியது.

"இது… இதைத்தானே பெரகலையில சுருட்டி டிக்கியில போடுவான்?"

"இதேதான்" என்றாள் நிஷாலினி. "இது எங்கம்மா படங்கு ஹாஜியார். எஞ்சின் சூடேற அப்பா முன்னால செருகுவாரு, பெரகலையில எடுப்பாரு. நீங்க பார்த்த களவு சாமான் இவ்வளவுதான். எங்கப்பா எதையும் விக்கல, திருடல. காருல இருக்கிறது காரோட வந்த கம்பிரசர்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா இன்னொண்ணையும் நானே சொல்லிடுறேன். அந்த ஏசியைக் கெடுத்தது அப்பாதான். இந்தச் சாக்குதான் காத்தை மறைச்சது. தெரியாம செஞ்சாரு. ஆனா அவர் செஞ்சதுதான்."

மாணிக்கராஜின் முகம் செத்துப்போயிற்று. "நானா?" என்றார். "நான்தானா புள்ள? அம்புட்டு வருஷம் கண்ணு மாதிரி பாத்த காரு…"

"அப்பா—"

"அவனை விடு" என்றார் ஹாஜியார். மாணிக்கராஜைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். "பனியில ஏசியைப் போடச் சொன்னது நான். சாக்கைக் காட்டாம ஒளிக்க வச்சதும் நான். பாதிக் கேடு என்டது. நீ உன்ட வாப்பாவோட கணக்கை மட்டும் சொல்ற."

"உங்க கணக்கை நீங்கதானே சொல்லணும்" என்றாள் நிஷாலினி.

ஹாஜியார் அவளைத் திரும்பிப் பார்த்தார். முதல் முறையாகச் சிரித்தார்.

எஞ்சின் ஆறியதும் மறுபடி புறப்பட்டார்கள். கீழே போகப் போக வெயில் கொளுத்தியது. வெல்லவாய எல்லையில் கதவுக் கண்ணாடி தொட்டால் சுட்டது. ஏசியோ குளிர்ந்தது, சும்மா இல்லை, முஷ்ரிபா டீச்சர் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொள்ளும்படி குளிர்ந்தது. ஹாஜியார் விரலை நீட்டினார். இந்த முறை நெடுநேரம் எடுக்கவே இல்லை.

"வெறைக்குது" என்றார். "மாணிக்கம், அதே சாமான்தான்டா."

பின்சீட்டில் மாணிக்கராஜ் அழுதார். சத்தமில்லாமல், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நிஷாலினி காரை ஓரமாக நிறுத்தினாள்.

"இது போதாது ஹாஜியார்" என்றாள்.

"இன்னும் என்ன மகள்?"

"திருடன்னு காருக்குள்ள வச்சா சொன்னீங்க? பெரட்டுல வச்சு, அத்தனை சனத்துக்கு முன்னால சொன்னீங்க. இல்லன்னும் அங்கதான் சொல்லணும். தோட்டத்துல இன்னைக்கும் பெரட்டு நடக்குது."

ஹாஜியார் இப்படி ஒரு பேச்சைத் தம் ஆயுளில் கேட்டிருக்க மாட்டார். தடியின் பிடியைத் தடவினார். பிறகு தலையை ஆட்டினார்.

"வாறேன். திங்கக்கிழமை பெரட்டுக்கே வாறேன். இதே கார்ல, மாணிக்கம் ஓட்டிக் கூட்டிட்டுப் போகட்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா நான் மட்டும் வந்தா பத்தாது. கம்பிரசரை மாத்திட்டான்னு எனக்குச் சொன்னவனும் வரணும். வேற எவன் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்."

"யார் சொன்னது?" நிஷாலினி அவர் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியாதா?" ஹாஜியார் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "அந்த நேரம் பதுளைக் கராஜ்ல வேலைக்கு இருந்தானே, றொபின்சன். மாணிக்கத்துட சொந்த மச்சான். மச்சானே சொல்றான்னா எப்படி நம்பாம இருப்பேன்?"

இடம் கொடுத்த மாமா. படிக்க வைத்த மாமா. பழசைத் தூக்கி எறி, தூக்கி எறி என்று வாசலில் வந்து நின்ற மாமா.

டேஷ்போர்டில் கிடந்த கைபேசி அடித்தது. திரையில் "றொபின்சன் மாமா" என்று விழுந்தது. நிஷாலினியின் கை அதன் மேல் போய், தொடாமல் நின்றது.

பின்னாலிருந்து மாணிக்கராஜ் துண்டை மடித்துத் தோளில் போட்டார். அவர் குரலில் இப்போது அழுகை இல்லை.

"எடு புள்ள. ஏசி நல்லா குளிருதுன்னு சொல்லு. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் வரச் சொல்லு."